அறிக்கையில் விடுபட்ட பக்கம்

சித்திரபுரம்
9 டிசம்பர் 2024

வக்கீல் யோகப்பிரியா அவர்களுக்கு,

நான்கு நாளாகப் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. அதனால் தபாலில் எழுதுகிறேன். பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுவேன்.

கல்லூரியில் உங்களோடு தொடர் ஓட்டத்தில் ஓடிய மாரீஸ்வரிதான். இங்கே மூணாறு மலையில் எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பதினாறு வருஷமாக விளையாட்டு டீச்சராக இருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பெண் பிள்ளைகளை விளையாட்டு ஒதுக்கீட்டில் நம் கல்லூரிக்கு அனுப்புவேன். அவர்களில் ஒன்பது பேர் இன்று அரசாங்க வேலையில் இருக்கிறார்கள். போலீஸில் மூன்று பேர், ரயில்வேயில் இரண்டு பேர். லயத்தில், எஸ்டேட் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வரிசை வீட்டில் பிறந்த பெண்ணுக்கு மலையை விட்டு இறங்க வேறு என்ன வழி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை உடுமலை வழியாக வந்த பஸ்ஸில் என் பிள்ளைகள் நான்கு பேர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். விளையாட்டு ஹாஸ்டலை மூடிவிட்டார்களாம். இரண்டு வருஷத்துக்குக் கல்லூரி எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாதாம். எட்டு வருஷப் பதக்கங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கமாம். பல்கலைக்கழகம் அமைத்த மூன்று பேர் கமிட்டி சொன்ன தண்டனை. அந்த அறிக்கையை எழுதிய கை உங்களுடையது என்று பேப்பரில் பார்த்தேன்.

நான்கு பேரில் மாரித்தாய் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். இரண்டாம் வருஷம். ஜனவரியில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் பல்கலைக்கழக அணியில் அவள் பெயர் வந்திருந்தது. இப்போது பள்ளிவாசல் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் பெட்ஷீட் துவைக்கிறாள். அவள் அப்பா பாண்டித்துரை தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். ஷிப்ட் முடிந்து அப்படியே வந்து என் வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், கோச் சார் தப்பு செஞ்சாரு, உள்ள போட்டாக. சரி. எம்மக என்ன செஞ்சா? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாஸ்டலில் இருந்த நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயரை வெட்டுவதற்கு முன் யோசிக்காமலா இருந்திருப்பீர்கள்? எழுதி அனுப்புங்கள், அவரிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

மாரீஸ்வரி

*

சித்தூர், பாலக்காடு
20 டிசம்பர் 2024

மாரி,

நீங்கள், உங்கள் என்று எழுதினால் எனக்கு உறைக்கும் என்று நினைத்திருக்கிறாய். உறைத்தது. அது போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

எண்ணைத் தடுத்தது உண்மை. கமிட்டியில் இருப்பவள் இதில் சம்பந்தப்பட்டவர்களோடு போனில் பேசக் கூடாது. நீ சம்பந்தப்பட்டவள்.

உன் கடிதம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். அந்த ஆளை "கோச் சார்" என்று பாண்டித்துரை சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது என்று உன் பங்குக்கு நீ ஒரு வரி எழுதவில்லையே, அதுதான் ஆச்சரியம். மூன்று மாதம் நான் அவர்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு பேர். தசைப்பிடிப்புக்கு மருந்து தேய்க்கிறேன் என்று ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிடுவான். வர மறுத்தவளின் பெயர் அடுத்த போட்டிப் பட்டியலில் இருக்காது. இதற்கு மேல் எழுத மாட்டேன், அது அவர்களுடைய கதை.

ஒரு ஆளைத் தள்ளினால் போதாதா என்கிறாய். ஹாஸ்டல் மேட்ரன் எங்கள் முன்னால் வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு ரெண்டு வருசமாத் தெரியுமுங்க. மேல சொன்னா என்ற வேல போயிருமுங்க." கல்லூரி ஆபீஸில் இருந்தவர்களுக்கும் தெரியும், அதை வைத்துச் சிரித்திருக்கிறார்கள். 2022இல் ஒரு பெண் முதல்வருக்கு எழுதிக் கொடுத்த புகாரை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு: "மண்டலப் போட்டி முடிந்ததும் பார்க்கலாம்." போட்டியில் ஜெயித்தார்கள். புகாரை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பதக்கங்களை நாங்கள் நீக்கினோம். அவற்றைக் காப்பாற்றத்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆளை மட்டும் மாற்றினால் அதே ஸ்டோர் ரூம் சாவி அடுத்த ஆளிடம் போகும்.

இப்போது இருக்கும் பிள்ளைகள் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்று அறிக்கையில் தனிப் பத்தி எழுதியிருக்கிறேன். அதைப் பேப்பரில் போடவில்லை போலும்.

இங்கேயும் என்னை யாரும் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. தோப்பில் தேங்காய் போட வருகிறவர்கள் வரை கேட்கிறார்கள். அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார், "ஏனம்மிணி, நம்மூர்ப் புள்ளைக படிப்பையும் சேத்துக் கெடுத்துப்போட்டயாமா? கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்லட்டு?" எழுந்து போனேன்.

பாண்டித்துரையிடம் இதை வாசித்துக் காட்டு. ஆனால் என்னோடு இந்தக் குரலில் இன்னொரு முறை பேசாதே. பேசினால் எனக்குத் தெரிந்த வேறொன்றையும் எழுத வேண்டி வரும்.

யோகப்பிரியா

*

சித்திரபுரம்
2 ஜனவரி 2025

யோகா,

நீ என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்தாலும் திட்டுகிறாய்.

உன் தனிப் பத்தியை எடுத்துக்கொண்டு போன வாரம் மாரித்தாயோடு மலையிறங்கினேன். மூன்று கல்லூரிகள். முதல் கல்லூரியில் படிப்பு வருஷத்தின் நடுவில் சேர்க்க முடியாது என்றார்கள். இரண்டாவதில் பழைய கல்லூரியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய முதல்வர் நவம்பரில் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, உனக்குத் தெரியுமா? பச்சை மைக்காரர். அவருக்குத் தண்டனை இல்லை. மூன்றாவது கல்லூரியில் கோச் அவள் ஓட்ட நேரத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் கல்லூரி என்று படித்ததும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "ஆ காலேஜிலெ குட்டியாணோ?" என்றார். அந்தக் கல்லூரிப் பெண்ணா என்று ஒரு கேள்விதான். அந்தச் சிரிப்பு எதற்கென்று மாரித்தாய்க்குப் புரிந்தது. பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் எடுக்கும்போது, "டீச்சர், இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போகாதீக" என்றாள்.

உன் தண்டனை எங்கே போய் விழுந்தது என்று பார்த்தாயா?

நீ ஓடியதும் நான் ஓடியதும் ஒன்றல்ல. நீ தோற்றிருந்தாலும் உங்கள் தோப்பும் வயலும் உனக்கு இருந்தன. வேண்டாம் என்று தோன்றியபோது ஓடுவதை விட்டுவிட்டு லா காலேஜுக்குப் போனாய். நான் தோற்றிருந்தால் அடுத்த திங்கட்கிழமை என் அம்மாவின் கொழுந்துக்கூடை என் முதுகில். மாரித்தாயும் என் மாதிரி. இரண்டு வருஷம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். அதற்குள் இவளைக் கட்டிக்கொடுத்திருப்பார்கள்.

தெரிந்த வேறொன்று என்று மிரட்டுகிறாய். வக்கீல் நோட்டீஸ் போல எனக்குக் கடிதம் எழுதாதே. தெரிந்தால் எழுது. பயப்படுகிறவள் நானில்லை.

மாரீஸ்வரி

*

சித்தூர்
14 ஜனவரி 2025

மாரி,

நாளை மாட்டுப் பொங்கல். வீட்டில் எல்லோரும் தொழுவத்தில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். நீ கேட்டாய், எழுதுகிறேன்.

எங்களிடம் பேசியவர்களில் பதினேழாவது ஒரு பெண். 2023இல் கல்லூரியைப் பாதியில் விட்டுப் போனவள். உன் பள்ளியில் படித்தவள். பெயர் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். அவள் சொன்னதை நானே என் கையால் எழுதிக்கொண்டேன், ஒரு எழுத்து மாற்றாமல்:

"2023 பிப்ரவரி மாசம் எங்க ஸ்கூல் டீச்சருக்குப் போன் போட்டு எல்லாத்தயும் சொன்னேன். டீச்சர் கேட்டுக்கிட்டாங்க. பெறகு, 'இன்னும் ஒரு வருஷந்தானடி. தனியாப் போகாத, போனா கூட ஒருத்தியக் கூட்டிட்டுப் போ. சர்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத'ன்னு சொன்னாங்க. நான் சரின்னு வச்சிட்டேன்."

அந்தப் பெண் அந்த ஆகஸ்டில் படிப்பை விட்டாள். அதற்கு முன்பே, ஜூனில், நீ இன்னும் இரண்டு பிள்ளைகளை அதே கல்லூரிக்கு அனுப்பினாய். உன் மாரித்தாய் அதில் ஒருத்தி. சேர்க்கைப் பதிவேட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். வேறொரு பெண் போலீஸில் புகார் கொடுத்தது 2024 ஜூனில். நடுவில் பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதத்தில் நடந்ததாக மட்டும் எங்களிடம் ஒன்பது வாக்குமூலங்கள் இருக்கின்றன. அதில் உன் பள்ளிப் பிள்ளை உண்டா என்று என்னைக் கேட்காதே. நீ அவர்களைக் கேட்டாயா?

யாருக்கும் பயப்படாதவளே, மேட்ரன் சொன்னதற்கும் நீ சொன்னதற்கும் என்ன வித்தியாசம்?

அறிக்கையில் உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினேழாவது வாக்குமூலத்தில் அந்தப் பக்கம் மட்டும் இல்லை. வரைவு எழுதும் வேலையை மற்ற இருவரும் என்னிடம் விட்டிருந்தார்கள், நான் எடுத்துவிட்டேன். நன்றி எதிர்பார்க்கவில்லை. நியாயம் அநியாயம் என்று எனக்குப் பாடம் எடுப்பதை நிறுத்தினால் போதும்.

யோகப்பிரியா

*

சித்திரபுரம்
3 பிப்ரவரி 2025

யோகா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன்.

அவள் சொன்னது உண்மை. ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. அவள் கூப்பிட்டபோது நான் மைதானத்தில் நின்றேன். பிள்ளைகள் உயரம் தாண்டிக்கொண்டிருந்தார்கள், வாயில் விசில் இருந்தது. அவள் சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று தோன்றவில்லை. இனி அந்தக் கல்லூரியில் எஸ்டேட் பிள்ளைக்கு இடம் கிடைக்காதே என்றுதான் தோன்றியது. அந்த வருஷம் அனுப்ப வேண்டிய இரண்டு பேர் கண் முன்னால் மணலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் அவளுக்குப் பதில் சொன்னேன். பிறகு அவள் படிப்பை விட்டு வந்தபோதும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லையாம் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

உன் கடிதத்துக்குப் பிறகு மாரித்தாயை ஹோம்ஸ்டே வாசலில் பிடித்துக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆகல டீச்சர்" என்றாள். "அந்தக்கா படிப்ப விட்டுப் போறதுக்கு முன்னாடி புதுசா வந்தவுக எல்லாத்தயும் ரூமுக்குக் கூப்பிட்டு, யாரும் ஸ்டோர் ரூம் பக்கம் தனியாப் போகாதீகன்னு சொல்லிட்டுத்தான் போச்சு." நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லியிருக்கிறாள், யோகா. பத்தொன்பது வயதில்.

ஞாயிற்றுக்கிழமை வண்டன்மேடு போனேன். அவள் அங்கே சித்தி சாந்தம்மாள் வீட்டில் இருக்கிறாள், ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறாள். இங்கே லயத்தில் இருக்க விடவில்லை. கமிட்டியிடம் பேசினாள் என்று எப்படியோ வெளியே தெரிந்து, ஹாஸ்டலை மூடியதும் திரும்பி வந்த பிள்ளைகளின் தாய்மார் குழாயடியில் இவள் அம்மாவை வைத்துத் திட்டியிருக்கிறார்கள். உன் மகள் வாயால்தானே எங்கள் பிள்ளைகள் படிப்புப் போச்சு என்று. உன் தண்டனை அவளையும் விடவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி.  அவள்தான் பேசினாள். "எல்லாரோட ஓட்டத்தயும் நிறுத்துங்கன்னு நான் கேக்கல டீச்சர். அவனப் பிடிங்கன்னேன், தெரிஞ்சும் சும்மா இருந்தவுகளக் கேளுங்கன்னேன். உங்க பேரயுந்தான் சொன்னேன். அதப் பத்தி ஏன் யாருமே வந்து கேக்கல?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? வக்கீலம்மா கிழித்துவிட்டாள் என்றா?

உன்னிடம் நான் கேட்டேனா, என்னைக் காப்பாற்று என்று? ஒன்றும் தெரியாத நாற்பத்தொரு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினாய். தெரிந்து மூடி மறைத்தவள் உனக்கு வேண்டியவள் என்பதால் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதற்குப் பெயர் நியாயமா? மேட்ரன் வேலைக்குப் பயந்து மூடினாள், முதல்வர் போட்டிக்காக மூடினார், நான் அடுத்த இரண்டு பிள்ளைகளுக்காக மூடினேன். நீ எனக்காக மூடினாய். நம்மில் யாரை யார் கேட்பது?

பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதப் போகிறேன். என் பெயர், அவள் கூப்பிட்ட தேதி, நான் சொன்ன சொல் எல்லாம்.

மாரீஸ்வரி

*

சித்தூர்
12 பிப்ரவரி 2025

எழுதாதே.

கோபத்தில் செய்கிற காரியம் இல்லை இது. கமிட்டி ஒரு பக்கத்தை மறைத்தது என்று தெரிந்தால் மொத்த அறிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அந்த ஆளுடைய வக்கீல் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் ஜாமீன் மனு வருகிறது. ஒன்றை எடுத்தவர்கள் இன்னொன்றைச் சேர்த்திருக்க மாட்டார்களா என்று கேட்பார். இருபத்தாறு பெண்கள் சொன்னதும் போய்விடும். உன் மனசாட்சியைக் கழுவ அவர்களைத் தண்ணீராக ஊற்றப் போகிறாயா?

வக்கீலாக நிற்க எனக்கு உரிமை தரும் சன்னதும் போகும். அதை நான் சொல்லாவிட்டாலும் நீ யோசித்திருப்பாய். யோசித்துச் சந்தோஷப்பட்டும் இருப்பாய்.

ஏன் எடுத்தேன் என்று கேட்கவில்லை நீ. ஆனாலும் சொல்கிறேன். டிகிரி முடித்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அப்போது மூணாறிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று என் அப்பாவிடம், "அய்யா, இவள சட்டம் படிக்க வைங்க, கல்யாணம் எங்கயும் ஓடிராது" என்று சொன்னவள் நீ. ஊரில் அதுவரை அவர் எதிரே நின்று ஒரு பெண் பேசியதில்லை. அதனால்தான் நான் இன்று கோர்ட்டில் நிற்கிறேன். அந்த வாக்குமூலத்தில் "எங்க ஸ்கூல் டீச்சர்" என்று எழுதியதும் என் பேனா நின்றது. அவள் அதைச் சொன்னபோது மற்ற இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள், அதனால் வரைவு எழுதும்போது அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

சரியா தப்பா என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். இதோடு விடு. உனக்கும் எனக்கும் அந்தப் பெண்களுக்கும் அதுதான் நல்லது.

யோகப்பிரியா

*

சித்திரபுரம்
17 பிப்ரவரி 2025

யோகா,

இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்று பதிவாளருக்கு, ஒன்று வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரிக்கு.

அனுப்புவதற்கு முன் தேவிகுளம் கோர்ட்டுக்குப் போய், என்னைத் தெரியாத ஒரு வக்கீலிடம் உன் கடிதத்தைக் காட்டாமல் விஷயத்தை மட்டும் கேட்டேன். அவர் சொன்னார்: இது நடந்த சமயத்திலேயே அந்தப் பெண் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள், கேட்டவள் உயிரோடு இருக்கிறாள், ஆமாம் சொன்னாள் என்று கோர்ட்டில் சொல்லவும் தயார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. பிற்பாடு ஜோடித்த புகார் என்று அவரால் வாதாட முடியாது.

நீ எடுத்த பக்கம்தான் அவளுக்கு இருந்த பலமான சாட்சி. பதினைந்து வருஷம் கோர்ட்டில் நிற்கிறவள் நீ. உனக்கு இது தெரியாதா?

எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் பொன்ராஜ் வேலை போய்விடுமே என்றுதான் முதலில் கேட்டார். போகும் என்றேன். பிறகு அவரே தபால் ஆபீஸ் வரை கூட வந்தார்.

உன் அப்பாவிடம் பேசியதற்கு நீ கணக்குத் தீர்க்க வேண்டாம். இப்படித் திருப்பித் தருவாய் என்று தெரிந்திருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

மாரீஸ்வரி

*

சித்தூர்
2 ஜூன் 2025

மாரீஸ்வரிக்கு,

பேப்பரில் பாதிதான் வந்திருக்கும், மீதியை என்னிடமிருந்து தெரிந்துகொள்.

மார்ச்சில் என்னைக் கமிட்டியிலிருந்து நீக்கினார்கள். பார் கவுன்சில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. உண்மையை எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. அறிக்கையை மறுபடி பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டார்கள். அவர் முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் யாரையெல்லாம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டேனோ அதே நாற்காலி.

அறிக்கை கவிழும் என்று பயந்தேன். கவிழவில்லை. ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. நீ சொன்னதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம்.

நீதிபதி போன வாரம் உத்தரவு போட்டார். இப்போது படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இந்த ஆண்டே பல்கலைக்கழகப் பெயரில் நேரடியாக ஓடலாம், கல்லூரி பெயர் வராது. புதுச் சேர்க்கைக்கு மட்டும் ஒரு வருஷத் தடை. மேட்ரனையும் ஆபீஸில் இரண்டு பேரையும் வேலையிலிருந்து எடுத்தார்கள். முதல்வர் மேல் வழக்கு. பதக்கங்களை நீக்கியதை நீதிபதி தொடவில்லை. ஹாஸ்டலும் வெளி ஆட்கள் கொண்ட புகார்க் குழு வரும்வரை திறக்காது.

ஹாஸ்டலை மூடியது தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன். ஹாஸ்டலிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு இறங்கும் அந்தப் படிக்கட்டில் நீ போய் நின்று பார்த்திருந்தால் நீயே பூட்டியிருப்பாய். ஆனால் நாற்பத்தொரு பிள்ளைகளை ஒரே வரியில் எழுதியதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நேரம் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. எல்லோர் மேலும் கடுமையாக இருந்தால் ஒருத்தியை விட்டது கண்ணில் படாது என்று உள்ளுக்குள் நினைத்திருப்பேனோ என்னவோ. அந்த நாற்காலியில் இருந்தபோது நீதிபதி இதைத்தான் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

உனக்கு சஸ்பென்ஷன் வந்திருப்பது தெரியும். வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் பொய். நீ செய்ததற்கு அது வர வேண்டியதுதான். நான் செய்ததற்கு எனக்கு வந்தது போல.

இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டியதில்லை.

யோகப்பிரியா

*

சித்திரபுரம்
21 ஜூன் 2025

யோகா,

கடைசியாக ஒன்று எழுதுகிறேன். நீ பதில் போட வேண்டாம்.

உத்தரவு வந்த அன்றே மாரித்தாய் வீட்டுக்கு ஓடினேன். அவள் இல்லை. மே மாதமே கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். போனில் பேசினேன். "ஓடலாம்னு சொல்லிட்டாகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இங்க ஷிப்ட் டீச்சர். ஆறு மாசமா ஓடவே இல்ல. பாக்கேன்" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். மற்ற மூன்று பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். நான்கில் ஒன்றுதானே போனது, பரவாயில்லை என்று பள்ளியில் யாரோ சொன்னார்கள். அந்த ஒருத்தியின் அப்பா இன்னமும் என்னைப் பார்த்தால் பாதையை விட்டு விலகி நடக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை பாலக்காட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் என் வாக்குமூலம். படிப்பை விட்ட அந்தப் பெண்ணையும் அன்றே கூப்பிட்டிருந்தார்கள், கூடுதலாக ஏதோ கேட்க. சாந்தம்மாளோடு வராந்தாக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாம் சொன்னேன். விசில், மைதானம், இரண்டு பிள்ளைகள், நான் சொன்ன மூன்று வரி. "அப்படியேவா சொன்னீர்கள்?" என்று மாஜிஸ்திரேட் அம்மா இரண்டாம் முறை கேட்டார். அப்படியே என்றேன்.

வெளியே வந்ததும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் போன்ல சொன்னதயும் நீங்க சொன்னதயும் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க. வாசிச்சுக் காட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன்."

"எந்தப் பக்கமும் விடலயே?"

"விடல."

தலையை ஆட்டினாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். காத்திருக்கட்டுமா என்று சாந்தம்மாளிடம் கேட்டேன்.

"வேண்டாம் டீச்சர்" என்றார். "நீங்க கெளம்புங்க. அவ வெளிய வரும்போது உங்கள இங்க பாக்க வேண்டாம்னு சொல்லிருக்கா."

கிளம்பினேன்.

மாரீஸ்வரி